கை தவறிப் போன அழைப்பு

லோக் ஃபால்ஸ், மெய்ன்
ஏப்ரல் 29

அன்பு மகள் ஜொசெட்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, குறையில்லாமல் இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் பேசுவது உன் அம்மாவின் வேலையாக இருந்தது, அவள் போன பிறகு நான் எடுத்தால் எல்லாம் நல்லபடி என்று சொல்லி வைத்துவிடுகிறேன், அதற்குமேல் வாய் வருவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு நடுராத்திரியில் என் அழைப்பு வந்ததே, காலையில் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டு என்ன ஏது என்று பதறிப்போய்க் கேட்டாயே, கை தவறிப் பட்டுவிட்டது என்றேன். கை தவறவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் ஊர் பனி ஹாக்கி அணிப் பையன்களுக்குச் சம்பளம் கைக்கும் வாய்க்குமே பற்றாது, ஊர்க்காரர்கள் வீட்டில்தான் தங்குவார்கள் என்பது உனக்குத் தெரிந்ததுதான். இந்த வருஷம் நானும் ஒருவனை வீட்டில் வைத்துக்கொண்டேன். மாரெக் என்று பெயர், ஸ்லோவாக்கியாக்காரன், பின்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கிறவன். உன் அறையைத்தான் கொடுத்தேன், உன்னிடம் கேட்காமல் கொடுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, உன் சாமான்களை ஒன்றுவிடாமல் மாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். வந்த புதிதில் அவன் தட்டு அவனுக்கு, என் தட்டு எனக்கு. நான் வழக்கம்போல அடுப்பங்கரையில் நின்றபடியே தின்றுவிட்டு டிவி முன்னால் போய் உட்காருவேன். கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்கள் தொடங்கிய நாள் மத்தியானம் என்னவோ தோன்றி அவனோடு மேஜையில் உட்கார்ந்தேன், கோழியும் பாஸ்தாவும். அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய், தூக்கம் வரவில்லை அப்பா, சும்மாதான் கூப்பிட்டேன் என்றாய், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு ராத்திரி நம் பையன்கள் நாலு கோல் போட்டு ஜெயித்தார்கள்.

வந்தது வினை. ஜெயிக்கிற வரையில் இவர்கள் எதையும் மாற்ற மாட்டார்கள், தாடியைக்கூட மழிக்க மாட்டார்கள், இவனுக்கோ அது அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்துப் பார்க்கச் சகிக்காது. அடுத்து நம் ஊரில் ஆட்டம் நடந்த நாளன்று, "பெரியவரே, அதே நாற்காலி, அதே கோழி, அதே சட்டை, பொண்ணுகிட்டயிருந்து அதே போன். ஒண்ணு குறைஞ்சாலும் நாம காலி" என்றான். நம் மத்தியானம் உனக்கு நடுராத்திரி, பகலெல்லாம் சுரங்கத்தில் உழைத்துவிட்டுப் படுத்திருக்கும் பெண்ணை ஹாக்கிக்காக எழுப்பச் சொன்னால் கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைக்க மாட்டாயா? கேட்க வெட்கமாக இருந்தது. அதனால் சட்டைப் பையில் போன் அதிர்ந்த மாதிரி எடுத்துக் காதில் வைத்து, ஜொசெட்டா, சொல்லம்மா, என்று நானே பேசினேன். அன்றும் ஜெயித்தோம். பிறகு விட முடியுமா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஜெயிப்பதும் தோற்பதும் எனக்குப் பெரிதில்லை. தோற்றால் இரண்டொரு நாளில் பையன்கள் மூட்டை கட்டி அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் இன்னும் சில நாள் வீட்டில் இன்னொருவர் செருமுவது கேட்கும், அவ்வளவுதான் என் கணக்கு. மறுமுனையில் யாரும் இல்லாத அந்தப் போனில் முதலில் மழை, குளிர் என்றுதான் அளந்தேன். போகப்போக வேறென்னவெல்லாமோ வந்தது. அம்மாவின் கோட்டு இன்னும் வாசல் கொக்கியிலேயே தொங்குகிறது என்று சொன்னேன். பிப்ரவரியில் பின்படியில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்ததைச் சொன்னேன். உன்னிடம் நிஜமாகச் சொல்லாததையெல்லாம் அப்படி உன்னிடம் சொல்லிவிட்டேன், பயப்படாதே, எலும்பு ஒன்றும் முறியவில்லை. மறுநாள் காலையிலிருந்து மாரெக் எனக்கு முன்னால் எழுந்து, படியில் உறைபனி உருக உப்புத் தூவ ஆரம்பித்தான்.

இறுதிச் சுற்றில் ஆறாம் ஆட்டம்வரை நம் ஊரில் ஆடியதெல்லாம் ஜெயம், வெளியூரில் ஆடியதெல்லாம் தோல்வி. ஐந்தாம் ஆட்டத்தன்று உன்னோடு மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், காதில் வைத்திருந்த போன் வீறிட்டு அலறியது! பக்கத்து வீட்டு லொரெய்ன்தான், "என்னைய விட்டுட்டுப் போயிடாதய்யா அர்மாண்ட், வண்டில எனக்கும் இடம் வை" என்றாள். நடுவரைப் பார்த்து, "கண்ணைப் பொடனியிலயா வெச்சிருக்க?" என்று கத்துகிறவளுக்குப் போனில் மட்டும் தொண்டை சின்னதாக இருக்குமா? மாரெக் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை, கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றும் ஜெயித்தோம்.

ஏழாவது ஆட்டம் போன ஞாயிறு, நம் ஊரில். இதுதான் கடைசி, இதில் பொய் வேண்டாம், பெண் திட்டினால் திட்டட்டும் என்று உன் எண்ணை நிஜமாகவே அழுத்தினேன். மணி அடித்தது, நீ எடுக்கவில்லை, செய்தி இருந்தால் சொல்லுங்கள் என்று உன் குரல் மட்டும் வந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் அது முடியும்வரை கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ராத்திரி கூடுதல் நேரத்தில் அவர்கள் அடித்த பந்து, பந்து என்ன, அந்தக் கறுப்பு வட்டு, நம் மாரெக்கின் காலணியில் பட்டுத் திரும்பி நம் வலைக்குள்ளேயே போய்விட்டது. அவன் பனியில் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான், பிறகு எழுந்து வரிசையில் நின்று ஜெயித்தவர்களுக்குக் கை கொடுத்தான்.

மறுநாள் காலை தாடியை மழித்துவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வந்து நின்றான். போன் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள், "எனக்குத் தெரியும் பெரியவரே, பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டப்பவே தெரிஞ்சு போச்சு" என்றான். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றேன். "ஜெயிச்சுட்டிருந்தோமே, ஜெயிக்கிறப்ப யாராச்சும் மாத்துவாங்களா? நேத்து நீங்கதான் நிஜமா கூப்பிட்டுக் கெடுத்துட்டீங்க" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருந்தபோது இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. நேற்று பாஸ்டன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். மிச்சமிருந்த உப்புப் பையைப் படியருகில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இன்று மத்தியானம் கோழியை இருவருக்குச் சமைத்துவிட்டு, மேஜையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது, ஜொசெட்.

உடம்பைப் பார்த்துக்கொள். சுரங்கத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாதே. உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கும். உன் அறை காலியாகத்தான் இருக்கிறது, சாமான்களைத் திரும்ப இறக்கி வைக்கிறேன். இனி நாம் தோற்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் நிஜமாகவே கூப்பிடப் போகிறேன். நடுராத்திரியில் என் பெயர் தெரிந்தால் கை தவறியது என்று நினைக்காமல் எடு.

உன் அப்பா,
அர்மாண்ட்