அகலமான பிரேம்

14 அக்டோபர், செவ்வாய். ஈப்போ.

கோப்பெங்கில் தையல் வேலை செய்யும் சரோஜா அக்கா இன்று எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குத் திரும்ப வந்தார். போன வாரம் நான்தான் அவருக்குப் பிளாஸ்டிக் பிரேம் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். குனிந்து தைக்கும்போதெல்லாம் கண்ணாடி நழுவுகிறதாம்.

போட்டுக் காட்டியதுமே தெரிந்துவிட்டது. மூக்கின் மேல் உட்காரும் இடம் அவருக்கு ரொம்ப அகலம். என் தப்புதான். ஆனால் முதலாளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "உங்க மூக்கு கொஞ்சம் சப்பைக்கா, அதான் நிக்கல" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா சிரித்தார். "சின்னப் புள்ளையிலேர்ந்து எல்லாரும் சொல்றதுதான்லா" என்றார். அதற்குப் பிறகு பேசும்போதெல்லாம் கையால் மூக்கை மறைத்துக்கொண்டார்.

பிரேமின் உள்பக்கம், மூக்கில் படும் இடத்தில், இரண்டு சின்ன சிலிக்கோன் திண்டு ஒட்டினேன். நழுவாமல் நின்றது. நன்றி சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

சாயங்காலம் மனசு கேட்காமல் போன் செய்தேன். அவர் மகள்தான் எடுத்தாள். "அம்மா பழைய கண்ணாடியப் போட்டுத்தான் தச்சிக்கிட்டு இருக்காங்க. புதுசு அவங்க மூஞ்சிக்கு நல்லா இல்லையாம்."

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"உங்க மூக்குல ஒண்ணும் இல்லக்கா. நான் எடுத்துக் கொடுத்த பிரேம்தான் தப்பு. வேற மாத்தித் தாரேன்."



"அத அங்கேயே, உங்க முதலாளி இருக்கும்போதே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அக்கா.

நாளைக்கு முதலாளியிடம் சொல்ல வேண்டும். அக்கா வந்து நிற்கும்போதே சொல்ல வேண்டும்.