கிணற்றை இறைத்த வாரம்

புரோத்ராபூர்
ஏப்ரல் 21

அன்பு மகள் ஷெர்லினுக்கு அப்பா மிக்கேல் எழுதுவது.

நேற்றுதானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று மருமகன் டெர்வின் கேட்பார். போன் உன் அம்மாவுடையது என்று சொல்லிவிடு. நான் பேசும்போதெல்லாம் ஞானசெல்வி என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ‘நல்லா இருக்கோம்’ என்பதற்கு மேல் என்னை ஒரு வார்த்தை பேச விடுவதில்லை. அதனால் நமக்குள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்வோம். பொய்க்குப் போன், உண்மைக்குத் தபால்.

உண்மை என்னவென்றால், சூடு தாங்கவில்லை. பகலில் சூடு என்றால் சரி, அது அதன் வேலை. விடியக்காலையிலும் கூரைத் தகர ஷீட்டைத் தொட்டால் கை சுடுகிறது. டிசம்பரில், வேண்டாத நேரத்தில், ரோட்டையே அடித்துக்கொண்டு போகிற மாதிரி கொட்டியது. அதற்குப் பிறகு ஒரு தூறல் கிடையாது. குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர். மற்ற நாளுக்கு நம் கிணறுதான்.

ஆனால் நீ பயப்படாதே. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குத்தான் வரணும், அதில் மாற்றமில்லை. உனக்கு நாள் சொல்லியிருப்பது ஜூலை முதல் வாரம். மே இருபது வாக்கில் இங்கே மழை பிடித்துவிடும். இந்தியாவுக்கே மழை முதலில் நம் அந்தமான் தீவில்தான் இறங்குகிறது. மெயின்லேண்டுக்காரன் எல்லாம் நமக்குப் பின்னால் கியூவில் நிற்கணும். ஜூன் இரண்டாம் தேதிக்கு டிக்கெட் போடு. நீ வரும்போது கிணறு நிறைந்து, வீடு குளிர்ந்திருக்கும்.

தொட்டில் செய்துவிட்டேன். படகு எஞ்சின் மெக்கானிக் தச்சு வேலை செய்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. ஆட்டினால் டிங்கிப் படகு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்கிறது. உன் பழைய அறையில்தான் போட்டிருக்கிறேன். அங்கே ஏதோ ஒரு மூலை ஒழுகுமே, எந்த மூலை என்று எனக்கு மறந்துபோனது. மழை வந்தால்தான் தெரியும்.

உன் அப்பா,
மிக்கேல்


சென்னை
மே 5

அன்பான அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. டெர்வின் இரண்டு தடவை படித்துச் சிரித்தார். அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். ‘உங்கப்பா பேசுற மாதிரியே எழுதுறாரே’ என்றார்கள்.

டிக்கெட் போட்டாயிற்று, ஜூன் இரண்டு. அதற்கு மேல் ஒரு வாரம் போனால் விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலில் நல்ல வீக்கம். தண்ணீர் நிறையக் குடிக்கணும், சுத்தமான தண்ணீரில் குளிக்கணும், வெயிலில் வேகக் கூடாது என்கிறார். நான் உடனே போர்ட் பிளேரில் இருக்கிற என் அப்பா வீட்டைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். எட்டு மாசம் மழை பெய்கிற ஊர், டாக்டர் என்றேன்.

அத்தை நல்லவர்கள்தான் அப்பா. ஆனாலும் இரண்டு அறை வீட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் படுத்துக் கிடக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அம்மா மடியில் தலை வைத்துக் கொஞ்சம் அழணும். வேறொன்றுமில்லை.

அம்மாவிடம் கேட்டால் ‘கிணறு கிடக்கு மக்களே, கடல் மாதிரி’ என்கிறார்கள். தபாலில் கேட்கிறேன், உண்மையிலேயே தண்ணீர் இருக்கிறதா?

உங்கள் ஷெர்லின்


புரோத்ராபூர்
மே 20

அன்பு மக்களே ஷெர்லின்,

கடல் மாதிரி இருந்தது உண்மை. கடல் வற்றினால் எப்படி இருக்குமோ அப்படி. முழங்காலளவு கிடந்தது.

இப்போது அதுவும் இல்லை. பதறாதே, காரணத்தோடுதான்.

நேற்று ரேடியோவில், டிவியில், எல்லாவற்றிலும் ஒரே செய்தி: அந்தமானில் பருவமழை தொடங்கியது. உனக்கும் கேட்டிருக்கும். உடனே எனக்கு மூளை வேலை செய்தது, அதுதான் தப்பாகப் போனது. மழைக்கு முன்னால் கிணற்றில் சேறு அள்ளணும், அதுதானே வழக்கம். பிள்ளை குளிக்கப்போகிற தண்ணீர், அடியில் பழைய சேறு கிடக்கலாமா? ரவிக்குமாரைக் கூப்பிட்டேன், கிணறு சுத்தம் செய்கிறவன். படகு பம்பை நானே கொண்டுவந்து இறக்கினேன்.

உன் அம்மா குறுக்கே நின்றாள். ‘மழை விழட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.’

‘மழை விழுந்த பிறகு எவனாவது கிணறு இறைப்பானா? விவரம் இல்லாம பேசாத.’

‘விவரம் உங்களுக்குத்தான் நெறய இருக்கு.’

இறைத்த தண்ணீரைப் பக்கத்து வீட்டு ரெங்கம்மா டிரம் டிரம்மாகப் பிடித்துக்கொண்டாள். மிச்சம் தென்னைக்குப் போனது. சேறு அள்ளியதில் நீ எட்டாம் வகுப்பில் தொலைத்த டிபன் பாக்ஸ் மூடி கிடைத்தது. கழுவி வைத்திருக்கிறேன். அடியில் ஊற்றுக்கண் திறக்கும் என்று காத்திருக்கிறோம். வேர்வை மாதிரி கசிகிறது, அவ்வளவுதான்.

வானம் கறுத்துத்தான் இருக்கிறது. ரேடியோ சொன்ன மழை நம் தீவுகளில் எங்கோ பெய்திருக்கணும். டிவி மேப்பில் நாம் எறும்பு வரிசைதானே, எந்த எறும்பு நனைந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். இரண்டொரு நாளில் இங்கேயும் வரும்.

அப்பா


புரோத்ராபூர்
மே 25

அன்பு மகள் ஷெர்லினுக்கு,

இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். ஜூன் இரண்டுக்குள் உன் கைக்கு வரணும்.

மழை வரவில்லை. மேகம் காலையில் வருகிறது, நம் வீட்டைப் பார்க்கிறது, போய்விடுகிறது. மாதா கோயிலில் மழைக்கு நவநாள் ஜெபம் வைத்தோம். பள்ளிவாசலில் தொழுதார்கள். ரெங்கம்மா அவள் சாமிக்குத் தேங்காய் உடைத்தாள். எல்லா ஆபீசுக்கும் மனு போட்டாயிற்று, பதில்தான் இல்லை.

போன வாரம் பஞ்சாயத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஆபீசர் ஒருவர் படம் காட்டினார். வருசா வருசம் சூடு எப்படி ஏறுகிறது, மழை எப்படி இடம் மாறிப்போய் மொத்தமாக விழுகிறது என்று. எனக்கு நன்றாகப் புரிந்தது கடைசியில் கொடுத்த சமோசா. ஆனாலும் கோடு மேலே மேலே போவது எனக்கே தெரிந்தது. நான் எழுந்து, ‘சாப், இதை இறக்க என்ன வழி’ என்று கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ‘ஹமாரே ஹாத் மே நஹீ ஹை, சாச்சா’ என்றார். நம் கையில் இல்லையாம்.

எஞ்சின் சூடானால் எங்கே கை வைக்கணும் என்று எனக்குத் தெரியும் மக்களே. இதில் எங்கே கை வைப்பது?

குழாய்த் தண்ணீர் இப்போது ஐந்து நாளைக்கு ஒரு தடவை. அதுவும் கலங்கலாக. தெருவில் மூன்று வீட்டில் வயிற்றுப்போக்கு. டேங்கர் வந்தால் உன் அம்மா குடத்தோடு ஓடுகிறாள், பக்கத்தில் நான் பக்கெட்டோடு ஓடுகிறேன், பார்க்கிறவனுக்கு நல்ல வேடிக்கை. உன் அறையில் மத்தியானம் அரைமணி நேரம் படுத்துப் பார்த்தேன். ஷீட்டின் மேல் தென்னோலை போட்டும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நானே அப்படி என்றால் நீ எப்படிப் படுப்பாய், பச்சைப்பிள்ளை எப்படிப் படுக்கும்?

கிணற்றில் அந்த முழங்காலளவாவது இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம் என்று உன் அம்மா சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

போனில் அவள் வா வா என்றுதான் சொல்வாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். அதை நம்பாதே.

வராதே மக்களே.

அப்பா


சென்னை
ஜூன் 2

அப்பாவுக்கு,

கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. பெட்டியெல்லாம் கட்டி வாசலில் வைத்திருந்தேன். டெர்வின் டிக்கெட்டை ரத்து செய்தார்.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ‘வராதே’ என்று நீங்கள் எழுதிய ஒரே கடிதம் இது, இப்போது போய் வந்திருக்கிறது. கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. வானத்தின் மேல் கோபப்பட்டு என்ன பயன், அது என் அப்பா இல்லையே.

அம்மாவை அனுப்பி வையுங்கள். பெண்ணின் தாய் சம்பந்தி வீட்டில் வந்து தங்குவது எங்கே நடக்கும் என்று அம்மா சொல்வார்கள். அத்தையே போனில் கூப்பிடுவார்கள். நீங்களும் வரலாமே அப்பா. வீட்டைப் பூட்டிவிட்டு வாருங்கள். வற்றிய கிணற்றை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்?

ஷெர்லின்


புரோத்ராபூர்
ஜூன் 16

அன்பு மகள் ஷெர்லினுக்கு,

அம்மா நல்லபடியாக வந்து சேர்ந்ததில் சந்தோசம். விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தீவு மறையும் வரை ஜெபமாலை உருட்டியிருப்பாள், கேட்டுப் பார். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

நான் வரவில்லை என்று கோபிக்காதே. சீசனுக்கு முன்னால் படகு எஞ்சின்கள் பழுதுக்கு வரிசையாகக் கிடக்கின்றன. அதோடு குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாராவது காத்திருக்கணும். வீட்டில் இப்போது என்னிடம் இருக்கிற பெரிய பொறுப்பு அதுதான்.

இனி உண்மை. இதை அம்மாவுக்குத் தெரியாமல் படி. படித்ததும் கிழித்துவிடு.

அவள் விமானம் ஏறிய மறுநாள் மழை வந்தது. நேற்றிலிருந்து நிற்கவே இல்லை. மே மாசத்து மழை, ஜூன் மாசத்து மழை, டிசம்பருக்கு மிச்சம் வைக்கவேண்டியது, எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் கொட்டுகிறது. முற்றத்தில் கணுக்கால் வரை தண்ணீர். ரோட்டுத் தண்ணீரும் சாக்கடையும் சேர்ந்து கிணற்றுக்குள் பாய்கிறது. ரவிக்குமார் அள்ளியதைவிட அதிகச் சேறு உள்ளே போய்விட்டது. கிணறு நிறைந்து கிடக்கிறது மக்களே, ஒரு சொம்பு எடுத்துக் குடிக்க முடியாது. நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை. கிணற்றுக்குக் குடை பிடித்த ஆள் என்று ரெங்கம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

இரண்டு வாரம் முன்னால் இதில் பாதி வந்திருந்தால் நீ இங்கே இருந்திருப்பாய். அம்மாவுக்கு இது தெரிந்தால் பொறுக்கமாட்டாள். அங்கே நீ படுத்திருக்கிற நேரத்தில் அவள் மனசு இங்கே கிணற்றடியில் கிடக்கக் கூடாது. டிவி மேப்பையும் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

அவள் இங்கே விட்டுப்போன போனுக்கே நேற்றுக் கூப்பிட்டுப் பேசினாளே, உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாளாம். ‘மழை உண்டா’ என்றாள். ‘எங்கே, சொட்டுக்கூட இல்லை’ என்றேன். ஷீட்டில் அடிக்கிற அடியில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. ‘அது என்ன சத்தம்’ என்றாள். ரெங்கம்மா வீட்டில் டேங்கர் தண்ணீர் இறக்குகிறார்கள் என்றேன்.

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு மெதுவாகக் கேட்டாள். ‘தொட்டில அந்த ஒழுகுற மூலையிலேருந்து நகத்தி வச்சீங்களா?’

வைத்துவிட்டேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் போய் நகர்த்தினேன்.

உன் அப்பா,
மிக்கேல்