பதினாறு போத்தலும் ஒரு கலியாணமும்

வெள்ளவத்தை,
14-8-1938.

இத்தால் இலண்டனில் வாழும் டாக்குத்தர் நமசிவாயம் அவர்களுக்கு ஆழ்ந்த கவலையுடன் அறியத்தருவது யாதெனில், நம் வீட்டில் ஊறுகாய் போட ஒரு போத்தல்கூட மிச்சமில்லை. அண்ணா, இது தில்லைநாதன். அம்மாவுக்கு வலக்கை விரலில் நகச்சுற்று, எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு இருக்கிறா. அவ சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என் சரக்கு.

அன்புள்ள மகனுக்கு, பிள்ளையார் புண்ணியத்தில் ஐயாவும் உன் தங்கச்சி பத்மாவதியும் நானும் சுகம், நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நினைத்தே மனதைத் தேற்றிக்கொள்கிறேன். (என் சுகத்தை ஒருவரும் விசாரிப்பதில்லை.) உன் போன கடிதம் வந்த நாள் தொடங்கி இந்த வீட்டில் நிம்மதி இல்லை. பெரிய ஆசுப்பத்திரியில் பிள்ளைகளின் வருத்தத்தை ஆராய்கிறான் என்று கோயிலில் எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லி வைத்தேன், எதை ஆராய்கிறான் என்று கேட்டால் நான் என்ன சொல்ல, சலத்தை, ஒன்றுக்குப் போவதை என்றா? சாப்பாட்டில் உள்ள ஏதோ ஒன்று உடம்பில் செமிக்காமல் நின்று குழந்தையின் மூளையைக் கெடுக்குமாம், தாய் வழியும் தகப்பன் வழியும் சேர்ந்துதான் வருமாம், சொந்தத்துக்குள் கட்டினால் கூடுதலாம். நான் சொந்த மச்சானைக் கட்டித்தான் உன்னைப் பெற்றேன், உன் மூளைக்கு என்ன குறை வந்தது? (எனக்கும் ஒரு குறையும் இல்லை. இதை அம்மா சொல்லவில்லை.)

அதோடு விட்டாயா, யார் யாருக்குப் பிள்ளை, யார் யாரைக் கட்டினது என்று கேட்டு ஆளுக்கொரு கடதாசி வேறு அனுப்பினாய். எங்கள் ஆட்களிடம் கலியாணப் பேச்சுக்கு இல்லாமல் இதையெல்லாம் யார் கேட்பது? பாமன்கடைப் பக்கம் இருக்கிற உன் இரத்தினசிங்கம் மாமா கடதாசியை நிரப்பி, மூத்தவன் நாகேந்திரத்தின் சாதகத்தையும் உள்ளே வைத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கொடுத்தனுப்பிவிட்டார். பத்மாவதிக்குக் கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார். சரி என்று பார்ப்பித்தால் எட்டுப் பொருத்தம். கூடப்பிறந்த அண்ணனிடம் போய், இது கலியாணத்துக்கு இல்லை, உங்கள் சலத்துக்கு என்று சொல்ல எனக்கு வாய் வருமா? அதை உனக்கு எழுதினால் நீ உடனே, மாமாவின் கடைக்குட்டி ஜெகதீஸ்வரியைச் சோதிக்காமல் நாள் வைக்கவேண்டாம் என்கிறாய். மூன்று வயதாகியும் பேச்சில்லை, தலைமயிர் செம்பட்டை, கிட்டப் போனால் எலி வளை மாதிரி ஒரு மணம், எல்லாம் உண்மைதான். அதற்காக ஒரு பச்சைப்பிள்ளையைச் சந்தேகப்படுவதா?

ஆனாலும் உன் சொல்லைத் தட்டவில்லை. சின்னவனைப் போத்தல்களோடு சைக்கிளில் அனுப்பினேன். (சொந்தத்தில் பதினாறு பேர், பதினாறு போத்தல், இரண்டே நாள். மருந்துக்கடையில் வாங்கச் சொன்ன இரும்புத் துளியை நானே விட்டுப் பார்த்தேன். பச்சை வந்தால் வருத்தம் என்றாய், ஒன்றிலும் வரவில்லை. அங்கே நாலு டாக்குத்தர் கூடிச் செய்வதை இங்கே ஒருவன் பள்ளிக்கூடத்துக்கும் போய்க்கொண்டு செய்கிறான்.) ஆகவே ஆவணி பத்தாம் திகதி தாலிக்குப் பொன்னுருக்கு என்று முடிவாகிவிட்டது. ஜெகதீஸ்வரியின் தாய் கனகேஸ்வரி மாமியிடமும் போய், பிள்ளைக்கு ஒன்றுமில்லையாம், பிந்தித்தான் பேசுமாம், பெரியவன் சொன்ன சோதினையிலேயே தெரிந்துவிட்டது என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பாணும் தேத்தண்ணியுமாக நாளைக் கடத்தாதே. தலைக்கு நல்லெண்ணெய் வை. பத்மாவதிக்கு இரண்டு வரி வாழ்த்து எழுது, அந்தக் கடிதத்தில் சலம் என்ற சொல் ஓரிடத்திலும் வரக்கூடாது, ஐயா உன் கடிதங்களை வேலை செய்யும் கந்தோருக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறார். எடுத்த காரியம் கைகூடி, நீ நோய்நொடியில்லாமல் வீடு வந்து சேரப் பிள்ளையார் துணை நிற்பார்.

உன் அம்மா,
அன்னப்பிள்ளை.

அண்ணா, அம்மா குசினிக்குப் போய்விட்டா. இனி அடைப்புக்குறி தேவையில்லை. போத்தல் பதினைந்துதான். ஜெகதீஸ்வரியினுடையது எனக்குக் கிடைக்கவே இல்லை. மாமி வாசல் படலையிலேயே மறித்து, "என்ர பிள்ளைக்கு ஒண்டுமில்லைத் தம்பி, உன்ர அண்ணரிட்டப் போய்ச் சொல்லு" என்றா. வெறுங்கையோடு வர வெட்கம். ஒரு போத்தலை நானே நிரப்பி அவள் பெயரை எழுதினேன். அதை வைத்து நாள் குறிப்பார்கள் என்று நினைக்கவில்லை. மாமி அழுதபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நேற்றுப் பின்னேரம் மறுபடி போனேன். பிள்ளை என் மடியில் ஏறியிருந்து வேட்டியை நனைத்துவிட்டாள். வீட்டுக்கு ஓடிவந்து ஈரத்தில் ஒரு துளி விட்டேன். பச்சை. கொஞ்ச நேரத்தில் அதுவும் வெளிறிப் போய்விட்டது, வேறு ஒருவரும் காணவில்லை. இன்று இரவு ஐயா வந்ததும் சொல்லப்போகிறேன், ஆனால் இந்த வீட்டில் என் சொல்லை யார் நம்புவார்கள்? கடிதம் கண்டதும் தந்தி அடி.

தில்லைநாதன்.