லாயத்து நாய்கள்

1931 பிப்ரவரி 4, புதன்

தைப்பூசக் கூட்டம் கலைந்துவிட்டது. தெருவெல்லாம் இன்னும் தேங்காய்ச் சில்லு. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே லாயத்துக்குப் போனேன். வண்டிக்கார நல்லமுத்து அண்ணன் எனக்கு முன்பே வந்து மாடுகளை அவிழ்த்துக் கட்டியிருந்தார். வண்டிக்குள் வைக்கோல் மேல் ஒரு செவலை நாய். தண்ணீர்மலை அடிவாரத்தில் ஏதோ வண்டிச் சக்கரம் முன்காலில் ஏறிவிட்டதாம். தலைத்துண்டைக் கிழித்துக் காலில் சுற்றியிருந்தார்.

"நல்ல துண்டாச்சே அண்ணே" என்றேன்.

"துண்டு கடையில கெடைக்கும் டீச்சரம்மா. காலு கெடைக்குமா?"

மூங்கில் பட்டை வைத்துக் கட்டினோம். வலியில் கடிக்க வாயைத் திறந்தது. அவர் குரல் கேட்டதும் மூடிக்கொண்டது. அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அதே நாய் என்னைப் பார்த்து உறுமுகிறது.

காஜா மொய்தீன் பாய் தன் சாப்பாட்டுக் கடையின் மிச்சச் சோற்றையும் எலும்பையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழக்கம்போல வாசலோடு நின்றார். நாயைத் தொடமாட்டார். ஆனால் சோறு ஒரு வேளை பிந்தினால் தவித்துப் போவது அவர்தான்.

சீன முதலாளி, தவுக்கே, மோட்டார் லாரி வாங்கிக் குதிரைகளை விற்ற பிறகு இந்த லாயம் சும்மா கிடந்தது. தெருநாய்களை வைத்துப் பார்க்கக் கேட்டேன், கொடுத்தார். வாசலில் 'ஜீவரட்சண சபை' என்று நான்தான் பலகை எழுதி மாட்டினேன். சபை என்றால் நாங்கள் மூன்று பேர்.

பிப்ரவரி 22, ஞாயிறு

செவலைக்குப் 'பட்டு' என்று பெயர் வைத்தாயிற்று. மூன்று காலில் ஓடுகிறது. லாயத்துக்குப் பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் சுவர்ப் பலகை இடுக்கில் கையை விட்டுத் தடவிக் கொடுக்கிறாள். பட்டு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது.

நல்லமுத்து அண்ணனின் மனைவி தனலெட்சுமி பால் ஊற்ற வந்தவள் வாசலில் நின்று சத்தம் போட்டாள். "மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்ல, இங்க நாய்க்குப் பேன் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு!" அவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறைப்பதற்காக இன்னும் சத்தமாகத் திட்டினாள்.

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் தீவுக்கு எதிரே அக்கரையில், புக்கிட் தெங்காப் பக்கம், வெறிநாய் கடித்து ஒரு குழந்தை இறந்துவிட்டது. இன்று உத்தரவு வந்திருக்கிறது. கேட்பாரற்ற நாய் எதுவானாலும் கண்ட இடத்தில் சுடுவார்களாம்.

குழந்தையை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. லாயத்தை நினைத்தாலும்தான். இரண்டையும் ஒரே நெஞ்சில் எப்படி வைத்துக்கொள்வது?

மார்ச் 7, சனி

காஜா பாயும் நானும் உத்தரவு போட்ட அதிகாரியைப் பார்த்தோம். வெள்ளைக்காரர். மோசமான மனிதர் இல்லை. லாயத்து நாய்களைச் சுடாமல் விட ஒப்புக்கொண்டார், ஆனால் நிபந்தனையோடு. கதவு பூட்டியே இருக்க வேண்டும். புதிதாக ஒரு நாயையும் சேர்க்கக் கூடாது. வெறி பிடித்த நாய் உள்ளே வந்து போனதாகத் தெரிந்தால் லாயத்தில் ஒன்றும் மிஞ்சாது. "நீங்கள் ஓர் ஆசிரியை. உங்கள் வார்த்தையை நம்புகிறேன்" என்றார்.

வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 19, வியாழன்

நாய் சுடும் ஆள் வந்து லாயத்தைப் பார்த்துப் போனான். துப்பாக்கியோடு ஒரு துரையை எதிர்பார்த்திருந்தேன். வந்தவன் நம்ம ஆள், முனுசாமி. துப்பாக்கியை வாசலிலேயே சாத்திவிட்டுத்தான் உள்ளே வந்தான். பட்டு அவன் காலை முகர்ந்தது. குனியப் போனவன் நிமிர்ந்துகொண்டான்.

"தொடலாம், கடிக்காது" என்றேன்.

"வேணாம் டீச்சர். தொட்டுப் பழகுனா வேலை செய்ய முடியாது."

மார்ச் 27, வெள்ளி

நல்லமுத்து அண்ணன் கெஞ்சினார். ஆயர் ஈத்தாம் பசாரில் கறிக்கடைக்குக் கீழே ஒரு பெட்டை நாய் ஒளிந்திருக்கிறதாம். சுடுகிற ஆட்கள் நாளைக்கு அந்தப் பக்கம் வருகிறார்கள்.

"ஒண்ணே ஒண்ணுதானே டீச்சரம்மா."

"அண்ணே, நான் வாக்குக் குடுத்திருக்கேன். அந்த ஒண்ணால எல்லாம் போயிரும்."

மாட்டைப் பூட்டினார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. என் மேல் கோபமா? இருக்கட்டும். நான் சொன்னது சரிதானே. சரிதான்.

ஏப்ரல் 18, சனி

அண்ணனின் வலது கையில் துணிக்கட்டு. கேட்டேன். மாடு மிரண்டு கயிறு உரசிவிட்டதாம். டிஞ்சர் போடுகிறேன், பிரியுங்கள் என்றேன். "ஆறிப்போச்சு டீச்சரம்மா, விடுங்க லா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மே 10, ஞாயிறு

மழை. காஜா பாய் குடையோடு சோறு கொண்டு வந்தார். பட்டு அவர் கைலியில் உடம்பை உரசிவிட்டது. பதறிப் போவார் என்று பார்த்தால், "போகட்டும் தங்கச்சி, துவைச்சுக்கிறேன். அதுக்கென்ன தெரியும்?" என்றார். மூவரும் சிரித்தோம். சந்தோஷமாக இருந்தது இன்று.

ஜூன் 8, திங்கள்

அண்ணன் வரவில்லை. காய்ச்சலாம். கை மரத்துப் போகிறது என்கிறாராம்.

ஜூன் 9, செவ்வாய்

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தனலெட்சுமி வெறுங்காலோடு ஓடி வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சர், தண்ணி குடுத்தா குடிக்க மாட்டேங்குறாரு. செம்பப் பாத்தாலே உடம்பு தூக்கிப் போடுது. ஏன் டீச்சர்? தண்ணியப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?"

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கையும் கட்டும் கண்ணுக்குள் வந்து நின்றன. அவளிடம் எப்படிச் சொல்வேன்? பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

ஜூன் 10, புதன்

ஆஸ்பத்திரி. கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் யாரோ போல இருக்கிறார். கொஞ்ச நேரம் அவராகவே இருக்கிறார். அவராக இருந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"பசாரு நாய்தான் டீச்சரம்மா. வீட்டுல மாட்டுக் கொட்டாயில மறைச்சு வச்சிருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு ஒரு நாள்... அடிச்சுக் கொன்னு பொதைச்சிட்டேன். நம்ம லாயத்துப் பக்கம் அது வரல. சத்தியமா வரல."

"ஏன்ணே அன்னைக்கே சொல்லல? ஊசி இருக்குண்ணே, ஊசி இருக்கு..."

"சொன்னா அத்தனையும் சுட்டுருவாங்க. நீங்க வாக்குக் குடுத்துட்டீங்கல்ல."

டாக்டர் வெளியே வந்து சொன்னதும் அதுதான். கடிபட்ட உடனே வந்திருந்தால் ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கலாம். இனி ஒன்றும் இல்லை.

நான் கொடுத்த வாக்கு. நான் கொடுத்த வாக்கு.

ஜூன் 11, வியாழன்

மத்தியானம் போய்விட்டார்.

ஜூன் 13, சனி

காஜா பாய்தான் விறகுக்கும் வண்டிக்கும் அலைந்து எல்லாம் செய்தார். சுடுகாட்டுக்கு வெளியே சாலை ஓரத்தில் நின்று தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அதிகாரி வந்து கேட்டார். அந்த நாய் லாயத்துக்குள் வந்ததா? வரவில்லை, இறந்தவர் தன் வாயால் சொன்னார் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். நாய்கள் பிழைத்தன. அண்ணன் கேட்டது நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் இன்று ஒரு வாய் சோறு இறங்கியது.

ஜூன் 20, சனி

தனலெட்சுமி வந்தாள். பொட்டில்லாத நெற்றியைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவில்லை.

"டீச்சர், அவரு உங்ககிட்ட சொன்னது பொய். ஏப்ரல்ல பெருமழை வந்துச்சே, கொட்டாயில முழங்கால் தண்ணி. அன்னைக்கு ராத்திரி அந்த நாயைக் கொண்டுபோய் லாயத்துலதான் விட்டிருந்தாரு. மறுநாள் விடியகாலம்தான் கூட்டிட்டு வந்தாரு. வந்ததும் இவரைக் கடிச்சிருச்சு."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு. சொல்லாம இருக்கணும்னுதான் பாத்தேன். இப்ப வரும்போது அந்தச் சின்னப் பொண்ணு பலகை இடுக்குல கையை விட்டுக்கிட்டு நிக்குது டீச்சர். மனசு கேக்கல."

பிறகு அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நீங்க போய்ச் சொல்லிறாதீங்க. நாம ரெண்டு பேரும் பாத்துக்கலாம். யாரையும் கிட்ட விடவேணாம். அவரு உசுரக் குடுத்து வச்ச நாய்ங்க டீச்சர் அது." இத்தனை நாள் நாயைக் கண்டாலே திட்டியவள்.

ஜூன் 21, ஞாயிறு

என்ன செய்ய? ஒன்றுக்கும் நோய் இல்லாமலும் இருக்கலாம். எல்லாம் நன்றாகத்தான் சாப்பிடுகின்றன. ஆனால் அந்தப் பசார் நாயும் நன்றாகத்தான் இருந்தது என்றாரே. இந்த நோய் மாதக்கணக்கில் உள்ளே ஒளிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

செம்பைப் பார்த்து அண்ணன் துடித்த துடிப்பு. அந்த இடத்தில் ஒரு சின்னப்பெண்ணை வைத்துப் பார்க்கிறேன். முடியவில்லை. நாய்களை வைத்துப் பார்க்கிறேன். அதுவும் முடியலையே, கடவுளே, யாராவது என்னை விட்டு இதைத் தூக்கிக்கிட்டுப் போகக் கூடாதா?

காஜா பாயிடம் சொன்னேன். கல்லாவைப் பூட்டினார். "உனக்கே பதில் தெரியும் தங்கச்சி. அதான் என்கிட்ட வந்திருக்கே. நானும் கூட வர்றேன்."

ஜூன் 22, திங்கள்

போய்ச் சொல்லிவிட்டோம்.

ஜூன் 23, செவ்வாய்

காலையில் முனுசாமி வந்தான், இன்னும் இரண்டு பேரோடு. "நீங்க வீட்டுக்குப் போயிருங்க டீச்சர்" என்றான். மாட்டேன் என்றேன். தெரியாத ஆள் கழுத்தில் கயிறு போட்டால் பயப்படும். நானே ஒவ்வொன்றாகக் கயிறு போட்டுப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனேன். வெளியே போகிறோம் என்று வாலை ஆட்டிக்கொண்டு வந்தன. இத்தனை மாதம் பூட்டி வைத்திருந்தேனே.

பட்டுதான் கடைசி. பின்கட்டு வாசலில் நின்றுவிட்டது. இழுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். முனுசாமி அவசரப்படுத்தவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். பிறகு பட்டுவே எழுந்து நடந்தது.

முடிந்ததும் முனுசாமி கிணற்றடியில் கையைக் கழுவினான். திரும்பத் திரும்பக் கழுவினான்.

சாலைக்கு அந்தப் பக்கம் தனலெட்சுமி பால் செம்போடு நின்றிருந்தாள். தனம் என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்தாள். போய்விட்டாள்.

ஜூலை 5, ஞாயிறு

பால் வேறு ஆள் கொண்டு வருகிறான்.

ஆகஸ்டு 16, ஞாயிறு

கோயிலில் தனலெட்சுமியைப் பார்த்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் புருஷனையும் நான் காப்பாற்றவில்லை, அவர் காப்பாற்றியதையும் நான் விட்டுவைக்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் நன்றாக இருக்கிறாள். இன்று வாசலில் கோலிக்குண்டு ஆடிக்கொண்டிருந்தாள். நாய்கள் எங்கே என்று கேட்டாள். ஊருக்குப் போய்விட்டன என்றேன்.

அக்டோபர் 9, வெள்ளி

நாய் சுடும் உத்தரவை எடுத்துவிட்டார்களாம். காஜா பாய் சொல்லி அனுப்பினார். எனக்கென்ன.

நவம்பர் 15, ஞாயிறு

லாயத்தைத் தவுக்கேயிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, கூட்டிப் பெருக்கப் போனேன். ஜூன் மாதத்துக்குப் பிறகு இன்றுதான் உள்ளே கால் வைத்தேன்.

மூலையில் ஏதோ முனகல். பின்பக்கப் பலகை ஒன்று பெயர்ந்திருந்தது. அது வழியாக எப்போதோ ஒரு நாய் நுழைந்து குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. அவற்றின் அடியில் கிழிந்த சேலை ஒன்று மடித்து விரித்திருந்தது. எதிரில் கொட்டாங்கச்சியில் பால்.

சேலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனாலும் நின்றுகொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பலகை நகர்ந்தது. தனலெட்சுமி குனிந்து உள்ளே வந்தாள். என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். தாய் நாய் எழுந்து அவளிடம் போனது.

அவள் உட்கார்ந்து செம்பைச் சாய்த்துப் பாலை ஊற்றினாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"வெறும் பாலு பத்தல டீச்சர். பாய்கிட்ட சொல்லி நாளைக்கு ஒரு வாய் சோறு கொண்டாங்க."

சரி என்றேன்.