கடல் பக்கத்துச் சுவரை எரித்த கதை

அன்பு மகன் இசாமுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அங்கே லீமாவில் நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், சளி கிளி பிடித்திருந்தால் மறைக்காமல் எழுது. நம் ஊர் உஷிமாதோவில் இப்போது மூங்கில் குருத்துக் காலம், வாசல் திறந்தால் யாராவது ஒரு கூடை வைத்துவிட்டுப் போகிறார்கள், அவிக்க என் கைதான் போதவில்லை.

அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆன இடம் நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார், ஆனால் மனிதர் தேறவில்லை. சோறு போட்டால் "போதும்" என்கிறார், குளிக்க வெந்நீர் வைத்தால் "போதும்" என்கிறார், படகுத் துறைப் பக்கம் போய்வாருங்கள் என்றால் "அங்கே பார்த்ததெல்லாம் போதும்" என்கிறார். நாற்பது வருஷம் படகு இன்ஜினோடு கத்திக் கத்திப் பேசிய மனுஷன் வாயில் அந்த ஒரு சொல்தான். இந்த லட்சணத்தில் போன புயல் வேறு கடல் பக்கத்துச் சுவர்ப் பலகைகளைப் பிய்த்துவிட்டது. சுகி மரப் பலகை வாங்கி, உப்புக் காற்றில் உளுத்துப்போகாமல் இருக்க வழக்கம்போல் மேற்புறத்தைத் தீயில் கருக்கி அடிக்கலாம் என்றேன். அவரோ கருக்கினது போலப் படம் அச்சடித்த தகடு கடையில் கிடைக்கிறது, "பத்து வருஷம் தாங்குமாம், நமக்கு அது போதும்" என்றார். சுவருக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா? இந்த வீட்டில் உப்புக் காற்றுக்கு உன் தாத்தா காலத்துக் கரிப் பலகை நின்றது, படம் போட்ட தகடா நிற்கும்? நானே பலகை வாங்கி இறக்கிவிட்டேன், அவரிடம் கேட்கவே இல்லை.

காற்றில்லாத ஒரு காலையில், தீயணைப்பு நிலையத்தில் சொல்லிவிட்டு, அக்கம்பக்கத்தில் துணி காயப்போடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக் குவாத்தாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். சிப்பிப் பண்ணைக்காரனுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும், ஆனாலும் "நான் இருக்கேன்க்கா" என்று வந்தான். மூன்று பலகையை முக்கோணக் குழாயாகச் சேர்த்துக் கம்பியால் கட்டி நிறுத்தி, அடியில் செய்தித்தாளைத் திணித்துப் பற்ற வைத்தோம். உன் அப்பா உள்ளே சன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகுக்குக் காது முளைத்திருந்தது எனக்குத் தெரியாதா! குழாய்க்குள் நெருப்பு குபுகுபுவென்று ஏறி உச்சியில் நாக்கை நீட்டியதுதான் தாமதம், குவாத்தா பயந்துபோய், "போதும்க்கா, போதும், சாய்ச்சிடலாம்!" என்று தண்ணீர் வாளியைத் தூக்கிவிட்டான்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது பார், தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "எவன்டா போதும்னு சொன்னது? அரைவேக்காட்டுப் பலகைய என் சுவத்துல அடிப்பியா? இன்னும் எரியணும், விடுடா!" என்று செருப்புக்கூடப் போடாமல் முற்றத்தில் வந்து நிற்கிறார். குவாத்தாவும் லேசுப்பட்டவனா, "அண்ணே, இது பலகையா, மீன் சுடுற கரியா?" என்கிறான். "வாய மூடிக்கிட்டுப் பாரு, இன்னும், இன்னும் கொஞ்சம்" என்று இவர் நெருப்பையே பார்க்கிறார். அந்த வாயிலிருந்து "இன்னும்" என்று ஒரு வார்த்தை கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! புகை கண்ணில் பட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு நன்றாக அழுதுவிட்டேன். பிறகு அவரே கொக்கியால் சாய்த்து, கம்பியை அறுத்து, தண்ணீர் ஊற்றச் சொன்னார். பலகை முதலை முதுகு மாதிரி வெடித்து, கறுத்து, வெயிலில் வெள்ளியாக மின்னியது. மிச்சப் பலகைகளையும் அவர் சொன்ன பதத்தில்தான் எரித்தோம். கனத்தைத் தூக்க நான் விடவில்லை, அதற்கும் ஒரு சண்டை. மத்தியானம் மூங்கில் குருத்துச் சோறு இரண்டு கிண்ணம் சாப்பிட்டு, உப்புக் குறைவு என்று குற்றமும் சொன்னார். சொல்லட்டும்.

நீ வேலை வேலை என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, மருமகளின் முதுகுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இருவரும் நீண்ட ஆயுளோடு, குறையொன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் அப்பாவிடம் உடம்பு எப்படி என்று ஆரம்பிக்காதே, சுவர் எப்படி என்று கேள், பிறகு போனை வைப்பது உன் சாமர்த்தியம்.

ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் மே மாதம் வடக்குச் சுவருக்கும் பலகை எரிக்க வேண்டுமாம். குவாத்தா பயந்தாங்கொள்ளியாம், அவனை நம்ப முடியாதாம். "இசாமு வந்தான்னா பலகையப் பிடிப்பான்ல, எழுதிக் கேளு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஆபரேஷனுக்குக்கூட உன்னைக் கூப்பிடக் கூடாது என்று என் வாயை அடைத்தவர், இப்போது அவராகக் கேட்கிறார். லீவு கிடைக்குமா என்றெல்லாம் பார்க்காதே, வந்துவிடு.

ஆசிகளுடன்,
உன் அம்மா
ஃபுமியே