சிவப்பு நூல் கட்டிய டப்பா

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். போனை எடுக்க மாட்டாய், கடிதத்துக்காவது பதில் போடு. டப்பா வந்தது. இந்த முறை அதன் கழுத்தில் சிவப்பு நூல் வேறு கட்டியிருந்தாய். என்னடா, சீர்வரிசையா? அம்மா தினமும் உன் பாசிப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறாள். முட்டிவலி குறைந்துவிட்டதாம். அடுப்படி வரை வந்து என் சமையலைக் குறை சொல்கிறாள். எல்லாம் உன் புண்ணியம்.

விஷயத்துக்கு வருகிறேன். மழைத்தண்ணீர் புகுந்து தொட்டிகளில் நீ வளர்த்த ஸ்பைருலினா சுருள்பாசி முழுக்க மஞ்சளித்துச் செத்துவிட்டதாகப் போன மாதம் எழுதினாய். படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது பார்த்தால் எங்கள் ஆபீஸ் எதிர்க்கடையில் உன் புது டப்பாக்கள் வரிசையாக நிற்கின்றன. மூன்று வாரத்தில் இவ்வளவு பாசி எங்கிருந்து வந்தது? உன் கொட்டகைக்குப் பின்னால் ஏரி இருப்பதை நான் மறக்கவில்லை.

கோபப்படாதே. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவளுக்குப் பச்சையாக எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான். இந்த வாரம் எங்கள் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் பெயின்ட் கொட்டினாற்போல நீலப்பச்சைப் பாசி மிதந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த இரண்டு நாய்கள் செத்துப்போயின. மைக்ராஸ்கோப்பில் உன் பாசி ஸ்பிரிங் மாதிரி தெரியும். இது மணிமணியாகக் கொத்தாகத் தெரியும். கொதிக்க வைத்தாலும் இதன் விஷம் போகாது. நேரே ஈரலைப் பிடிக்கும்.

உன் அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள சி.ஐ.டி. அக்காவுக்கு,

சின்ன வயதில் பிஸ்கட் குறைந்தால் முதலில் என் வாயைத்தான் மோந்து பார்ப்பாய். இன்னும் மாறவில்லை. வேறொரு பண்ணையிலிருந்து விதைப்பாசி வாங்கி வந்தேன். நல்ல வெயில் அடித்தால் நாலைந்து நாளில் இரட்டிப்பாகும், அது பாசியின் குணம். நீ இழுக்கிற மூச்சில் பாதி கடலில் மிதக்கிற பாசி கொடுத்தது. மீனுக்குத் தீனி, வயலுக்கு உரம், நோஞ்சான் பிள்ளைக்குச் சத்து. நீயோ அதைக் கொலைகாரனாகவே பார்க்கிறாய்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். போன வாரம் சுகாதார ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து தொட்டிகளை எட்டிப் பார்த்தார்கள். நீ ஏதாவது சொன்னாயா? சந்தேகம் உனக்கு மட்டும்தான் வருமா, எனக்கு வராதா? வேண்டுமானால் வீட்டில் இருக்கும் டப்பாவை எடுத்துப் போய்ச் சோதித்துக்கொள்.

அம்மாவின் பாசிக்காரன்


பிப்ரவரி 20

என் அருமைத் தம்பிக்கு,

சத்தியமாக நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் சோதித்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு ஸ்பூன் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். அத்தனையும் சுருள். விஷச் சோதனையும் செய்துவிட்டேன், சுத்தம். நாற்காலியை விட்டு எழும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடப்பிறந்தவனை இப்படி நினைத்தேனே. வீட்டுக்கு வந்ததும் சுத்தமான பொடி என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு.

அதற்குப் பதிலாக உனக்கு ஒரு வாடிக்கை பிடித்துவிட்டேன். எங்கள் வாட்ச்மேன் மனைவிக்குப் பிரசவமாகி இருபது நாள். உடம்பில் ரத்தமே இல்லை, நின்றால் தலை சுற்றுகிறதாம். என் தம்பி செய்யும் பொடி, நானே சோதித்தேன், தைரியமாகக் கொடு என்றேன். அன்றைக்கே எதிர்க்கடையில் வாங்கிவிட்டார்.

உன் அசட்டு அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

இது கிடைத்ததும் வாட்ச்மேனிடமிருந்து அந்த டப்பாவை வாங்கிவிடு. பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் ஈரம் பட்ட சரக்கு. இத்துடன் நூல் கட்டிய டப்பா ஒன்று அனுப்பியிருக்கிறேன், அதை அவருக்குக் கொடு. நீங்களும் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். போன் செய்யலாம் என்று எடுத்தேன், உன் குரலைக் கேட்டுவிட்டு என்னால் பேச முடியாது. ஏன் எதற்கு என்று கேட்காதே.

தம்பி


பிப்ரவரி 28

தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முந்தின நாளே வாட்ச்மேன் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஓயாத வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். நீ போன் செய்திருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே பிடுங்கிப் போட்டிருப்பேன்.

வாட்ச்மேன் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “உங்க தம்பி செஞ்சதுன்னு சொன்னீங்களேன்னு ஒண்ணுக்கு ரெண்டு ஸ்பூனா குடுத்துட்டேன் மேடம். நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா?” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சோதித்தேன். ஒரு சுருளுக்குப் பத்து மணிக்கொத்து. எங்கள் நீர்த்தேக்கத்தில் மிதந்த அதே சனியன். செத்த தொட்டிகளை ஏரிப் பாசி போட்டு நிரப்பியிருக்கிறாய். மழைக்கு முன்னால் அரைத்ததை மட்டும் வீட்டுக்கென்று ஒதுக்கி, கை மாறிவிடாமல் இருக்க நூல் கட்டினாய். மற்றதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நூலைப் பார்த்த அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சீர்வரிசையா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன், மடச்சி.

சுகாதார ஆபீசுக்கு நான் சொன்னேனா என்று முன்பு கேட்டாய். இந்தத் தடவை நான்தான் சொன்னேன். அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. இது உன் கைக்கு வருவதற்குள் அவர்கள் உன் கொட்டகைக்கு வந்திருப்பார்கள். எதையும் மறைக்காமல் எந்தெந்தக் கடைக்குக் கொடுத்தாய் என்று சொல்லிவிடு.

இன்று காலை அம்மா டப்பாவைத் தேடினாள். குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன்.

“ஏன்டி, அது சுத்தமான பொடின்னு நீதானே சொன்னே?” என்றாள்.

“ஆமாம்மா, அது சுத்தம்தான். அதனாலதான் போட்டேன்.”

அக்கா