தலைவரை இறக்கும் விதி

08.06.2025, ஞாயிறு
சனசமூக நிலையக் கூட்டம். பழைய விதிகளில் தலைவரைத் தெரிவுசெய்ய ஒரு பக்கம் இருக்கிறது. நீக்க ஒரு வரிகூட இல்லை. புதிதாக எழுதவேண்டும் என்றார்கள். தலைவர் கந்தப்புப் பெரியப்பாதான் என்னைக் காட்டினார். "எங்கடை பிள்ளை கம்பஸிலை அரசியல் படிச்சது. அவள் எழுதட்டும்." செயலாளராக இருந்தும் கூட்டத்தில் வாய் திறக்காதவள் நான். தலையை ஆட்டினேன்.

10.06.2025
நாடு என்ன செய்கிறது என்று அரசியலமைப்பை எடுத்துப் பார்த்தேன். கம்பஸ் சோதனைக்குப் பாடமாக்கியதுதான், இப்போது வேறுமாதிரித் தெரிகிறது. ஜனாதிபதியைத் தெரிவுசெய்வது சனம். நீக்குவதென்றால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு, உயர் நீதிமன்ற விசாரணை, திரும்பவும் மூன்றில் இரண்டு. அதில் சனம் எங்கே? 2022 இல் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்ததைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரை யாரும் நீக்கவில்லை; அவராக நாட்டைவிட்டுப் போய்ப் பதவி விலகினார். மிச்சக் காலத்துக்கு ஆளைத் தெரிவுசெய்ததும் பாராளுமன்றம்தான். ஏற்றியவர்கள்தானே இறக்கவும் வேண்டும்?

அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "இறக்கிறது லேசெண்டால் கிழமைக்கொரு தலைவர் வருவார். பிறகு ஆரை நம்புறது?" என்றா.

அதுவும் சரி—

11.06.2025
இறுக்கினால் அசையாது. தளர்த்தினால் நிற்காது. எவ்வளவு?

22.06.2025, ஞாயிறு
விதி நிறைவேறியது. உறுப்பினர் தெரிவுசெய்தவரை உறுப்பினரே நீக்கலாம். மூன்றில் இரண்டு வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு அவர் தலைமை தாங்கக்கூடாது. அவர் சொல்வதைக் கேட்காமல் வாக்கெடுக்கக்கூடாது.

"ஆரையடி பிள்ளை இறக்கப்போறாய்? என்னையோ?" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தோம்.

06.07.2025
தலைவரை நீக்கக் கேட்டு அற்புதராணி அக்கா முறைப்பாடு கொண்டுவந்தா. மண்டபத்துப் பூட்டின் திறப்பைப் பெரியப்பா மடியிலேயே வைத்திருக்கிறார், பிள்ளைகளின் பின்னேர வகுப்புக்குத் தருவதில்லை, கேட்டால் ஏச்சு. எல்லாம் உண்மை. முறைப்பாட்டைச் செயலாளர் தலைவரிடம் கொடுக்கவேண்டும் என்பது விதி. செயலாளர் நான்! எழுதும்போது இதை ஏன் யோசிக்கவில்லை?

07.07.2025
நான் கம்பஸுக்குப் போகவேண்டாம் என்று அப்பா நின்றபோது, "அவளை மறிக்காதை" என்று வந்து நின்றவர் பெரியப்பா.

09.07.2025
கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தார்.

"உன்ரை எழுத்தோ?"

"இல்லைப் பெரியப்பா. விதி மட்டும்தான் என்ரை."

தேத்தண்ணி குடிக்கிறியோ என்று கேட்கவில்லை.

20.07.2025, ஞாயிறு
கூட்டம். "கதை என்னத்துக்கு? வாக்கை எடுங்கோ!" என்று பின்னாலிருந்து சுபாஸ்கரன் கத்தினான். நான் எழும்பிவிட்டேன். "முதல் அவர் கதைக்கவேணும்." என் குரலா அது?

பெரியப்பா அதிகம் பேசவில்லை. "இந்தக் கதிரையள் நான் வீடுவீடாத் திரிஞ்சு சேர்த்தது. திறந்துவிட்டா உடைச்சுப்போடுவாங்கள் எண்ட பயம்." சிலருக்கு மனம் மாறியிருக்கும். போதவில்லை. ஒரேயொரு வாக்கால் இறங்கினார். ராணி அக்கா தலைவி.

என் வாக்கு? இங்கேயும் எழுதமாட்டேன். இரகசிய வாக்கெடுப்பு.

03.08.2025, ஞாயிறு
பெரியப்பா நிலையத்துக்கு வந்தார். அன்றைக்குப் பிறகு இன்றைக்குத்தான். பேப்பரை விரித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே:

"பிள்ளை, அந்த விதியிலை எனக்கும் ஒரு போட்டோக்கொப்பி தா."

"ஏன் பெரியப்பா?"

"உவள் ராணி ஃபானை நிப்பாட்டாமல் பூட்டிப்போட்டுப் போறாள். இன்னும் கொஞ்ச நாள் பாப்பன்."

எடுத்துக் கொடுத்தேன். "மூண்டிலை ரெண்டு வேணும்."

"தெரியும். முதல் அவளைக் கதைக்க விடோணும். அதுவும் தெரியும்."